மழைக்கு ஓடிய வீடு

போன வாரம் வரைக்கும் இந்தக் கதையோடு கூடவே வந்தவர்களுக்குச் சிங்காரத்தின் வீடு தெரியும். இன்றைக்குத்தான் வாசலுக்கு வந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லி உள்ளே அழைத்துப் போகிறேன்.

சிங்காரம் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவன். பெண்டாட்டி அமராவதி அதே அளத்தில் கூடை சுமப்பவள். ஒரே மகன் சரவணகுமார். வீட்டில் அவன் குமாரு. டிப்ளமோ படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனவன், பொங்கல் கழிந்த பிறகு பையோடு திரும்பி வந்துவிட்டான். ஏன் வந்தான் என்று சொல்லவில்லை. பேச்சு குறைந்தது. சோறு குறைந்தது. ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஒருநாள் கூடப் படித்த பிரபுவுக்குச் செல்போனில் ஒரு வரி அனுப்பினான். "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதிடா" என்று.

பிரபு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு நேரே வந்தான். கிளம்பும்போதே சுலோசனாவுக்கும் போன் போட்டுவிட்டான்.

சுலோசனா மரக்காணத்தில் தையல் கடை வைத்திருப்பவள். கடலோரக் குப்பங்களிலும் உப்பளத் தெருக்களிலும் இளவயசுப் பிள்ளைகளை இழந்த பிறகு, இனி ஒன்று போகக் கூடாது என்று சிலர் கூடி ஒரு துணைக் குழு வைத்தார்கள். அதில் அவள் ஒருத்தி. குழுவில் உள்ளவர்கள் ஆண்கள் வாலிபால் ஆடும் இடத்துக்குப் போவார்கள், பெண்கள் கஞ்சி குடிக்கும் வரப்புக்குப் போவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். அவள்தான் குமாருவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் பொறுமையாகப் பேசினார். மாத்திரை கொடுத்தார். "கொஞ்ச நாளைக்கு இவரத் தனியா விடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இவ்வளவும் நடந்தது. தெருவுக்கு மட்டும் எதுவும் தெரியாது.

தெருவுக்கு அமராவதி சொன்னது வேறு. "புள்ளைக்கு மஞ்சக்காமாலை."

அந்த ஒரு பொய் சனிக்கிழமை என்ன வேலை பண்ணியது என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

"கண்ணக் காட்டுடா!"

வாசலுக்கு வெளியே இருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள் அமுதவல்லி. சிங்காரத்துக்கு அக்கா. அடுத்த வீடு. கையில் சொம்பு. சொம்பில் கீழாநெல்லி அரைத்துக் கலக்கிய மோர்.

குமாரு எழுந்து உட்கார்ந்து கண்ணைக் காட்டினான். அவள் கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"எங்கடி மஞ்சளு? கொக்கு மாதிரி வெள்ளையா இருக்குது."

"எறங்கிடுச்சு அண்ணி," என்றாள் அமராவதி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எறங்குனது ஏறவும் ஏறும். குடிடா."

"கசக்குது அத்தே."

"கசக்காம பாயசமா இருக்கும்? கல்யாணம்னு ஒண்ணு பண்ணிப் பாரு, அப்பால இதெல்லாம் இனிக்கும்."

குமாரு குடித்தான். முகத்தைச் சுளித்ததில் உதட்டோரம் லேசாய்ச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அதை அமராவதி பார்த்துவிட்டாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"கஞ்சியில உப்பு போட்டியா?" அமுதவல்லி சட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "ம். இல்ல. சரி."

காமாலைக்கு உப்பு ஆகாது. அதனால் வருஷம் பூராவும் உப்பில் நிற்கிற வீட்டில், ரெண்டு வாரமாக உப்பில்லாத கஞ்சி. நாத்தனார் எந்த நேரத்தில் வந்து விரலை விடுவாள் என்று தெரியாததால் அமராவதியும் புருஷனும் சேர்ந்து சப்பென்று தின்றார்கள்.

வெயில் ஏறியதும் சிங்காரம் அளத்திலிருந்து வந்தான். கெண்டைக்கால் வரை வெள்ளையாய் உப்பு பூத்திருந்தது. அவன் வந்த பிறகுதான் அமராவதி வீட்டை விட்டு நகர்வாள். அவள் வந்த பிறகுதான் அவன் நகர்வான். யாராவது ஒருவர் மகனின் குரல் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டி வந்து நின்றது. சுலோசனா ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே உள்ளே வந்தாள். அது அவளுக்குப் பழக்கம்.

"வாம்மா நர்சம்மா," என்றாள் அமுதவல்லி. தெருவைப் பொறுத்தவரை அவள் காமாலை நர்சு. "என் முட்டிக்கு ஒரு ஊசி போடேன்."

"எங்கிட்ட இருக்கிறது ஜாக்கெட் தைக்கிற ஊசிங்க அத்த. போட்டா முட்டியோட பாவாடையும் சேந்துக்கும்."

அமுதவல்லி சிரித்துக்கொண்டே சொம்பைக் கழுவ எழுந்து போனாள்.

சுலோசனா குமாருவிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினாள். பிறகு வேப்பமரத்தடிக்கு வந்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் பார்த்தாள்.

"அண்ணா, அந்த அத்தகிட்ட மட்டுமாவது உண்மையச் சொல்லுங்க. ரெண்டு பேரே மாத்தி மாத்திக் காவல் இருந்தா எத்தினி நாளைக்கு முடியும்? ஒரு நாளு ஒடம்பு கேக்காது."

"வேணாம்மா," என்றாள் அமராவதி. "தெருவுல தெரிஞ்சா நாளைக்கு ஒரு பொண்ணு குடுப்பாங்களா? வேலை குடுப்பாங்களா?"

"நீங்களாவது அவனக் கேட்டீங்களா அண்ணா? சாவணும்னு தோணுதான்னு, வாயத் தொறந்து?"

சிங்காரம் தரையைப் பார்த்தான். "அந்த வார்த்தைய நானே சொன்னா, நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆவாதாம்மா?"

"ஆவாதுண்ணா. கேக்கிறதால யாருக்கும் அந்த நெனப்பு புதுசா வராது. ஏற்கெனவே வந்திருந்தா, சொல்லி எறக்கி வைக்க ஒரு எடம் கெடைக்கும்."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டினானே தவிர, உள்ளே போய்க் கேட்கவில்லை. மகன் படுத்திருந்த பக்கம் போனான், மின்விசிறியைக் கூட்டி வைத்தான், வந்துவிட்டான். சுலோசனா கடைக்குக் கிளம்பிப் போனாள்.

உப்பளத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வானம் கறுத்தால், முதலில் பார்த்தவர் தகரத்தைத் தட்ட வேண்டும். தகரம் கேட்டால் வீட்டில் ஓர் ஆள் தங்கக் கூடாது. குத்தகை யாருடையது, கூலி யாருக்கு என்ற பேச்செல்லாம் அப்போது கிடையாது. வாரிக் குவித்த உப்பின் மேல் மழை விழுந்தால் அத்தனையும் தண்ணீர். தகரத்துக்கு வராத வீட்டை அந்த வருஷம் முழுக்கக் குத்திக் காட்டுவார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு ஓடிப் பழகிய கால்கள் அங்கே இருப்பவை.

அன்றைக்குச் சித்திரை வெயிலில், பகல் சோறு தின்று தெரு கண்ணயர்ந்திருந்த நேரத்தில், தெற்கே கறுத்தது.

டங் டங் டங் டங்.

சிங்காரம் பின்பக்கம் அடிபம்பில் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். அமராவதி உள்ளேதான் இருக்கிறாள் என்று நினைத்தான். நினைத்தான் என்பதுகூடச் சரியில்லை. கால் ஓடிவிட்டது. வேலியைத் தாண்டிக் கொல்லை வழியே அளத்துக்கு ஓடினான்.

அமராவதி முன்பக்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புருஷன் பின்னால்தானே இருக்கிறான் என்று கீரையை அப்படியே போட்டுவிட்டு, தார்ப்பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டு வழியே ஓடினாள்.

முட்டிவலிக்காரி அமுதவல்லி இருவருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

காற்று மண்ணை வாரி அடித்தது. அளத்தில் ஆளுக்கொரு மூலையாய்ப் பாயை இழுத்தார்கள். சிங்காரம் ஒரு முனையைப் பிடித்துக் கல்லை வைத்தான். எதிர்முனை படபடவென்று அடித்தது.

"இழுத்துப் புடிங்க!" என்று கத்திக்கொண்டு நிமிர்ந்தான்.

எதிர்முனையில் அமராவதி.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நீ எப்பிடி இங்க?"

"நீங்க எப்பிடி இங்க?"

இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் பாயை விட்டது. பாய் எழும்பிப் பறந்தது. குவித்திருந்த உப்பின் மேல் முதல் சொட்டு விழுந்தது.

"டேய் சிங்காரம்! பாயி! பாயப் புடிடா!" அமுதவல்லி அலறினாள்.

சிங்காரம் அந்த வயசுக்கு ஒரு மழையிலும் உப்பை விட்டு ஓடியதில்லை. அன்று ஓடினான். கொல்லை வழியே, முள்ளும் கல்லும் பார்க்காமல். பின்னாலேயே அமராவதி, புடவையை முழங்காலுக்கு மேல் அள்ளிப் பிடித்துக்கொண்டு.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. குமாரு படுத்த பாய் மடிக்காமல் கிடந்தது. செல்போன் சார்ஜரில் தொங்கியது. கரண்ட் இல்லை.

"குமாரு!"

பின்பக்கம் பார்த்தார்கள். இல்லை. அமுதவல்லி வீட்டில் பார்த்தார்கள். இல்லை. அமராவதி இடுப்பில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அமுக்கினாள்.

"சுலோசனா... புள்ளையக் காணம்மா. தகரம் தட்டுனாங்க... ரெண்டு பேரும்... ரெண்டு பேருமே போயிட்டோம்மா."

"வர்றேன்க்கா. இப்பவே கெளம்பிட்டேன். பக்கத்துல ஆளுங்களக் கூப்புடுங்க. வெக்கப்படாதீங்க, எல்லாரையும் கூப்புடுங்க!"

கூப்பிட யார் இருக்கிறார்கள்? தெருவே அளத்தில் இருந்தது.

அவள் போனை வைப்பதற்குள் அது மறுபடி அடித்தது. அமுதவல்லி.

"ஏண்டி அமரா! அறிவு கெட்டவளே! நீங்கள்லாம் பெத்தவங்களாடி?" மழைச் சத்தத்துக்கு மேல் அவள் குரல். "காமாலைக்காரப் புள்ளைய மழையில வுட்டுட்டு ரெண்டு பேரும் எங்கடி போய்த் தொலைஞ்சீங்க? இங்க ஒண்டியா நின்னு பாயப் புடிச்சிக்கிட்டுக் கெடக்குது! ஒடம்பெல்லாம் நனைஞ்சிடுச்சி! வாங்கடி இங்க, உங்களுக்கு இருக்குது!"

அமராவதி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா? இன்னா சொல்லுது அக்கா?" சிங்காரம் அவள் தோளை உலுக்கினான்.

"திட்டுறாங்க," என்றாள் அமராவதி. "நம்மளத் திட்டுறாங்க. புள்ள அங்க இருக்கான். இன்னும் திட்டச் சொல்லுங்க."

மூன்றாவது முறையாக ஓடினார்கள்.

அளத்தின் ஓரத்தில் மோட்டார் கொட்டாய். அமுதவல்லி குமாருவை அதற்குள் தள்ளி, தன் முந்தானையைப் பிழிந்து அவன் தலையைத் துவட்டிவிட்டு, மற்ற பாய்களைப் பார்க்கப் போயிருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

அமராவதி அவன் முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள், முதுகில் ஓர் அடி வைத்தாள், அடித்த இடத்தையே தடவினாள்.

சிங்காரம் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தலைத்துண்டைப் பிழிந்தான். பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தான்.

"குமாரு."

"இன்னாப்பா."

"செத்துடலாம்னு தோணுச்சாடா?"

"ஐயோ, இன்னா பேச்சு இது!" அமராவதி புருஷன் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். சிங்காரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

தகரக் கூரையில் மழை கொட்டியது. குமாரு அப்பனைப் பார்த்தான். வந்த நாளாய் அவன் அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"தோணுச்சுப்பா."

சிங்காரம் நகரவில்லை.

"ரொம்ப நாளா வருது, போவுது. மாத்திரை போட்ட பொறவு கொஞ்சம் கம்மி. இன்னிக்கு எழுந்து பாத்தா யாரும் இல்ல. தெருவுல ஒரு நாயிகூட இல்ல. சரி, நான் இல்லாட்டியும் இவங்களுக்கு உப்பு இருக்குதுன்னு..." அவன் நிறுத்தினான்.

அமராவதியின் கை புருஷனின் பிடிக்குள் துவண்டது.

"சொல்லுடா. இருக்கேன், சொல்லு," என்றான் சிங்காரம்.

"உள்ள இருக்க பயமா இருந்துச்சுப்பா. எம்மேலயே பயமா இருந்துச்சு. சுலோசனா அக்காவுக்கு அடிக்கலாம்னா சார்ஜ் இல்ல. 'அப்பிடி வந்தா தனியா நிக்காத, ஆளு இருக்கிற எடத்துக்குப் போ'ன்னு அக்கா சொல்லியிருந்தாங்க. ஆளுங்கதான் எல்லாரும் இங்க இருக்கீங்களே. ரோட்டு வழியா ஓடியாந்துட்டேன். வந்தா நீங்க ரெண்டு பேரும் இல்ல. பாயி பறக்குது. புடிச்சேன்."

சிங்காரம் பிழிந்த துண்டை மகன் தோளில் போட்டான்.

"தகரம் கேட்டா காலு தன்னால ஓடுதுடா. மூளைக்கு அப்பாலதான் தெரியுது. உன்ன வுட்டுட்டு ஓடணும்னு ஓடல."

"தெரியும்ப்பா."

"இப்ப தோணுதா?"

"இப்ப குளிருதுப்பா."

அமராவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து மூக்கு வழியாக வந்தன.

"இன்னாத்தத் தோணுது?"

வாசலில் அமுதவல்லி. எவ்வளவு நேரமாய் நின்றாளோ தெரியாது. மழைத் தண்ணீர் அவள் காது வழியே ஒழுகிக்கொண்டிருந்தது.

அமராவதி வாயைத் திறந்தாள். பழக்கத்தில் காமாலைதான் வந்திருக்கும். அதற்குள் குமாரு சொன்னான்.

"எனக்குக் காமாலை இல்ல அத்தே. மனசு சரியில்ல. வாழ்க்கையே வேணாம்னு இருந்தேன். அதுக்குத்தான் மாத்திரை. அவங்க நர்சும் இல்ல."

அமுதவல்லி முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் துடைத்தாள். பிறகு, "அப்ப நான் வயல் வயலாத் தேடிப் பறிச்ச கீழாநெல்லி?" என்றாள்.

"குடிச்சனே அத்தே."

"குடிச்சியே என் ராசா." அவள் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கையால் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அமராவதி பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நான் இன்னா ஊரானா? பக்கத்து வூட்ல முட்டி புடிச்சுப் போயி எங்கயும் நவுராம உக்காந்திருக்கேன். என்ன விடக் காவலுக்கு உனக்கு யாருடி வேணும்?"

"தகரத்துக்கு மட்டும் எப்பிடி அண்ணி அப்பிடி ஓடுனீங்க?"

"அது வேற முட்டிடி."

வெளியே முருகையனின் குரல் கேட்டது. பக்கத்துப் பாத்திக்காரன். "பாதி உப்பு கரைஞ்சி போச்சுய்யா! பாயப் புடிச்சிக்கினு இருந்தவன் வுட்டுட்டு ஓடுறான், இந்த அநியாயம் எங்கனா உண்டா?"

அமுதவல்லி உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டினாள். "கரைஞ்சா கரையட்டும் போடா முருகையா! வாரத் தெரியும்ல? வெயிலு அடிச்சா மறுபடி வாரு! இந்த வூட்டுல இருந்து இனிமே ஒரு ஆளு தகரத்துக்கு வராது. எவனாவது ஏன்னு கேட்டான்னா எங்கிட்ட வரச் சொல்லு!"

முருகையன் தன் பாத்தியைப் பார்க்கப் போய்விட்டான். அவளிடம் யாரும் வர மாட்டார்கள்.

மழை விடுகிற நேரத்தில் சுலோசனா வந்து சேர்ந்தாள். ஹெல்மெட்டோடுதான். தெப்பமாய் நனைந்திருந்தாள். குமாருவைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்று மூச்சு வாங்கினாள். பிறகு மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவனோடு கொட்டாய்க்குள் உட்கார்ந்து பேசினாள். எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே வந்து மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

"யாரும் யாரையும் குத்தம் சொல்லிக்காதீங்க. நெனப்பு வந்துச்சு, அவன் அதோட தனியா நிக்காம ஆளுங்ககிட்ட வந்துட்டான். அது எவ்வளவு பெருசு தெரியுமா? ஆனா நெனப்பு வந்திருக்குது, அதனால டாக்டர் மறுபடி வரச் சொன்ன நாளு வரைக்கும் காத்திருக்க வேணாம். காலையில நானே கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கு ராவுக்கு அவன் பக்கத்துலயே படுத்துக்குங்க. மாத்திரை உங்க கையில இருக்கட்டும். என் போன் கெடைக்கலன்னா 104-க்கு அடிங்க, எந்த நேரமும் பேசுவாங்க. அத்த, உங்க நம்பர் சொல்லுங்க."

அமுதவல்லி தன் நம்பரைக் கோயிலில் பேர் ராசி சொல்வது போல நிமிர்ந்து நின்று சொன்னாள்.

வெயில் மறுபடி மங்கலாக வந்தது. பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. நாலைந்து நாளைக்கு இனி வேலை கிடையாது. அமுதவல்லியும் அமராவதியும் முன்னால் போனார்கள். ராத்திரிக்கு உப்புப் போட்டு மீன் குழம்பு வைப்பதா, காராமணி வைப்பதா என்று அதற்குள் சண்டை.

அப்பனும் மகனும் பின்னால். வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம். சிங்காரம் முன்னே நடந்தான். மகனின் காலடிச் சத்தம் வருகிறதா என்று காதைப் பின்னால் வைத்துக்கொண்டே நடந்தான்.

"அப்பா."

"ம்."

"கம்பெனிய வுட்டு நானா வரல. அங்க ஒண்ணு நடந்துச்சு. அக்காகிட்டயும் சொல்லல, டாக்டருகிட்டயும் சொல்லல."

சிங்காரம் நின்றான். திரும்பினான். இன்னாடா, யாருடா, எவன்டா என்று நெஞ்சு முட்டக் கேள்வி வந்தது.

குமாரு ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றான். கண் சொருகியது. "இப்ப வேணாம்ப்பா. தூக்கம் வருது. நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கா?"

"ம். ஆஸ்பத்திரி போயிட்டு வந்து. உனக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

சிங்காரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்த கேள்வியெல்லாம் வந்த வழியே போய்விட்டது.

"சரிடா. நாளைக்குச் சொல்லு," என்றான். பிறகு இன்னொரு முறையும் சொன்னான். "நாளைக்குச் சொல்லு."

மகன் முன்னே போகட்டும் என்று, ஒரு காலைப் பாத்தித் தண்ணீரில் வைத்து வரப்பிலிருந்து ஒதுங்கி வழி விட்டான்.